முதல் மடக்கு விருந்தாளிக்கு

திராட்சைச் சக்கைச் சாராயத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் கேட்பதில்லை. குளிர்ந்தால் அதன் வாசனை சுருண்டு படுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் குடிப்பது வெறும் காரமான தண்ணீர்தான். அதற்காக யாங்கோன் வெயிலில் மேசைமேல் அப்படியே வைத்தாலும் தப்பு, தொண்டையைப் பிறாண்டும். பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றி ஜன்னல் நிழலில் அரைமணி நேரம் வைத்தால் போதும். இந்த ஒரு விஷயத்திலாவது நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

என் பெயர் செல்லையா. வயது அறுபத்து மூன்று. பர்மாவில் யாங்கோனிலிருந்து பாலத்தைத் தாண்டித் தன்லியினுக்கு வந்து, பஸ் நிற்கும் இடத்தில் கப்பல் செல்லையா வீடு எது என்று கேட்டால் கை காட்டுவார்கள். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தேன். சமையற்காரனாக. கப்பலில் இஞ்சினீயராக இருந்தேன் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் சொன்னபோது திருத்தியதும் இல்லை.

ஒருமுறை எங்கள் கப்பல் முதலாளிக்கும் ஒரு துறைமுகத்துக்கும் ஏதோ வழக்கு வந்து, நோவோரோசிஸ்க் என்ற ரஷ்ய ஊரில் ஏழு மாதம் கட்டிப்போட்டுவிட்டார்கள். அங்கே கென்னாடி என்று ஒரு துறைமுகக் காவலாளி. அவர் வீட்டுக் கொல்லையில்தான் நான் இந்தச் சாராயத்தை முதலில் பார்த்தேன். வைனுக்காகத் திராட்சையைப் பிழிந்துவிட்டு மிச்சமாகும் தோலையும் கொட்டையையும் காம்பையும் தூக்கியெறியாமல் பீப்பாயில் அடைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுவார்கள். பெயர் சாச்சா. ஜார்ஜியாக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் இதை ரஷ்யச் சரக்கு என்று சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார். ஊருக்குத் திரும்பி நான் பெருமையாக இந்தப் பெயரைச் சொன்னபோது எங்கள் தெரு அமீர் அலி விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் வீட்டில் சாச்சா என்றால் சித்தப்பா. அதற்குப் பிறகு நான் ரஷ்யச் சாராயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

கப்பலை விட்டு வந்தபின் எனக்குச் செய்ய எதுவும் இல்லை. ஷான் மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்து லாரியில் சக்கை வரவழைத்தேன். குயவர் ஊரான த்வாண்டேயில் சொல்லிப் பெரிய மண்பானைகள் செய்யவைத்தேன். கொல்லையில் கரி அடுப்பு போட்டேன். வருடத்துக்கு ஒரு முறை, மாசி பங்குனி வாக்கில், இருபது முப்பது பாட்டில் கிடைக்கும். விற்றதில்லை. வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொடுத்து, அவர்கள் குடிக்கும்போது பேசுவேன். உண்மையைச் சொன்னால் பேசுவதற்காகத்தான் காய்ச்சினேன்.

எப்படிக் குடிக்க வேண்டும் என்று எனக்கு நிறையக் கருத்து உண்டு. டம்ளர் கூடாது. வயிறு பருத்து வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டும். சோடா கலப்பவனிடம் நான் ஒரு வாரம் பேசமாட்டேன். மூக்கை நேராக உள்ளே விடக் கூடாது, மோவாய்க்குக் கீழே பிடித்து வாசனை தானாக ஏறி வரக் காத்திருக்க வேண்டும். அங்கே கருப்பு ரொட்டியும் வெள்ளரி ஊறுகாயும் வைப்பார்கள். இங்கே நான் லப்பே வைத்துப் பார்த்தேன். ஊறவைத்த தேயிலையின் கசப்பும் வறுத்த பயற்றின் மொறுமொறுப்பும் இந்தச் சாராயத்துக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டன. கடைசியாக ஒரு மரியாதை உண்டு. புதிதாக வடித்ததில் முதல் மடக்கு விருந்தாளிக்கு. அவர் குடித்து முடிக்கும் வரை வீட்டுக்காரன் வாயில் வைக்கக் கூடாது. ரஷ்யாவில் இதை மீறினால் அவமானமாக நினைப்பார்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சுவதில் வித்தை ஒன்றே ஒன்றுதான். குழாயில் முதலில் சொட்டுவது விஷம். அதைக் கீழே கொட்டிவிட வேண்டும். எவ்வளவு கொட்டுவது என்பதற்குக் கணக்கு கிடையாது, ஒவ்வொரு சக்கைக்கும் அது மாறும். கோந்து வாடை போகும் வரை கொட்ட வேண்டும், பழ வாடை வந்ததும் பிடிக்க வேண்டும். கென்னாடி தன் மூக்கைத் தட்டிக் காட்டுவார், இதைவிட நல்ல கருவி கிடையாது என்று. எனக்கும் நல்ல மூக்கு. கப்பலில் மூடி திறக்காமலே எந்தக் குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொல்வேன். என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்கிற பெருமைகளில் இது ஒன்றுதான் முழுக்க நிஜம்.

அந்த மூக்கு 2021 மழைக்காலத்தில் போய்விட்டது. ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்கள். எங்கள் தெருவில் நாலு பேர் போனார்கள். நான் பிழைத்தேன். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்து என் மனைவி சாந்தகுமாரி அடுப்பில் ஙாப்பி வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த மீன் விழுதின் வாடை மூன்று வீடு தாண்டிப் போகும். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். அவள் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

திரும்ப வந்துவிடும் என்றார்கள். எனக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு கால் போயிருந்தால் சொல்லியிருப்பேன், அதை மறைக்க முடியாதே. மூக்கு அப்படியே முகத்தில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் வாசனை போன பிறகுதான் என் வர்ணனை பிரமாதமாக வந்தது. முன்பு நல்லாருக்கு, கொஞ்சம் காரம், அவ்வளவுதான் சொல்வேன். இப்போது கிண்ணத்தை மோவாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, மலைப்பனியில் நனைந்த மண், காய்ந்த நெல்லிக்காய், லேசாகக் குதிரைச் சேணத் தோல் என்று சொல்ல ஆரம்பித்தேன். நான் குதிரைச் சேணத்தைத் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

இப்போது அருணாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு வயது இளையவர், அடுத்த தெரு. யாங்கோன் பயறுச் சந்தையில் உளுந்துக்குத் தரம் பார்க்கிறவர். காலை பஸ்ஸில் பாலம் தாண்டிப் போவார். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, கோடவுன் வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மழையில் நனைந்ததா, போன வருடத்துப் பழசா, இரண்டு ஊர்ச் சரக்கைக் கலந்திருக்கிறார்களா, எல்லாம் சொல்லிவிடுவார். விற்பவனும் வாங்குபவனும் அடித்துக்கொண்டாலும் அவர் சொன்னால் சரி. முப்பது வருடமாக அந்தக் கண்ணை நம்பித்தான் சென்னைக்குக் கப்பல் ஏறியது உளுந்து. அந்தக் கண்ணை நம்பித்தான் அவர் வீட்டில் உலையும் ஏறியது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

மூக்கு போனபின் நான் முதல் தடவை காய்ச்சியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்து, போன வருடம் எவ்வளவு நேரம் கொட்டினேனோ அவ்வளவு நேரம் கொட்டினேன். பிறகு வடிந்த வரிசைப்படி மூன்று பாட்டிலில் பிடித்தேன். அன்று அருணாசலம் தற்செயலாக வந்தார். முதல் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொடுத்தேன். அவர் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனதும் நிறுத்திவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கோந்து வாடை அடிக்குதே."

"சரியாச் சொன்னே. உன் மூக்கு எப்படின்னு பாத்தேன்" என்றேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். அந்தப் பாட்டிலை அவர் கண்ணெதிரேயே கொட்டினேன். அடுத்ததைக் கொடுத்தேன், நல்லாருக்குண்ணே என்றார். அன்று முதல் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் முதல் ஆளாக அவரைக் கூப்பிட ஆரம்பித்தேன். முதல் மடக்கு விருந்தாளிக்கு என்ற ரஷ்ய மரியாதை அன்றைக்குத்தான் பிறந்தது. கென்னாடி வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர். காய்ச்சியவன் எல்லோர் முன்னாலும் முதலில் குடித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் விருந்தாளி கையில் கிண்ணம் போகும். திருப்பிப் போட்டது நான். நோவோரோசிஸ்க்குக்குப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அருணாசலம் முகம் சுளித்ததைக் கொட்டினேன், அவர் தலையாட்டியதை வைத்துக்கொண்டேன். அவர் மூக்கை நான் இரவல் வாங்கியிருந்தேன், அவரிடம் சொல்லாமல். அவருக்கோ தன்னைப் பெரிய மனிதனாக மதித்து முதலில் ஊற்றுகிறார்கள் என்று ஒரே சந்தோஷம். மனைவி வேலம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறார், அண்ணன் எனக்குக் கொடுக்காம தானே குடிக்கமாட்டாரு என்று. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2024 பங்குனியில் லாரி தாமதமாக வந்தது. மலைப் பக்கம் சண்டை, சாலை அடைப்பு. சக்கை நிரப்பிய நீல டிரம்கள் பன்னிரண்டு நாள் எங்கோ வெயிலில் நின்றிருக்கின்றன. கொல்லையில் இறக்கி மூடியைத் திறந்ததும் சாந்தகுமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, எலி செத்த நாத்தம். தூக்கிப் போடுங்க."

"ரஷ்ய முறையில புளிச்சா இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"போன வருஷம் இப்படி இல்லையே."

"போன வருஷம் சரியாப் புளிக்கல."

முப்பத்து நாலு வருடம் என்னோடு வாழ்ந்தவள். உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

தூக்கிப் போட்டிருக்கலாம். போடாததற்குக் காரணம் நரேஷ். மிங்கலாடோனில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உணவகம் வைத்திருக்கும் பையன், எங்கள் தூரத்து உறவு. இப்போது அங்கே ரஷ்யர்கள் சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்கு இங்கேயே காய்ச்சிய அவர்கள் ஊர்ச் சாராயத்தைக் கொடுத்து, எப்படி ரசிப்பது என்று நான் அருகில் நின்று பேச வேண்டும் என்பது அவன் யோசனை. மேசைக்கு மேசை ஒரு அட்டை வைப்பானாம். அதில் என் படம், கீழே சுவை வல்லுநர் செல்லையா என்று மூன்று மொழியில். மாதிரி அட்டையைப் போனில் அனுப்பியிருந்தான். அதை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சமையற்காரன் என்று யாரும் எழுதாத அட்டை என் வாழ்க்கையில் அதுதான் முதல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நரேஷ் ருசி பார்க்க வருவதாக ஏற்பாடு. அருணாசலம் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். கையில் கைக்குட்டை, மூக்கு சிவந்திருந்தது. பங்குனியில் புது உளுந்து இறங்கும், கோடவுன் முழுக்கத் தூசி.

"அண்ணே, மூணு நாளா மூக்கடைப்பு. வேலம்மா வச்ச ரசம்கூட வெந்நி மாதிரி இருக்கு. இன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. வேற யாரையாச்சும் கூப்பிடுங்களேன்."

நான் அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தேன். "நீ சும்மா ரெண்டு மடக்கு குடிச்சு நல்லாருக்குன்னு சொன்னாப் போதும். நரேஷ் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்து."

"உங்களுக்காகத்தாண்ணே" என்றார்.

நரேஷ் வந்தான். காரோட்ட வேண்டும், வழியில் சோதனைச் சாவடி, அதனால் ஒரு சொட்டுகூட வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டான். "இந்த அங்கிள் குடிக்கட்டும், நான் அவர் மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிறேன்" என்றான். ஆக, அந்த மேசையில் மூக்கே இல்லாத ஒருவன் காய்ச்சியதை மூக்கடைத்த ஒருவர் குடிக்க, குடிக்காத ஒருவன் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தான். இதைவிட நல்ல ருசிபார்க்கும் சபையை நீங்கள் யாங்கோனில் பார்க்க முடியாது.

முதல் பாட்டிலைத் திறந்து அருணாசலத்துக்கு ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். அவர் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பிரமாதம்ணே என்றார். இன்னொன்று கேட்டு வாங்கினார். நான் சொன்னதற்கும் மேலாக நடித்தார் பாவம், நாலு கிண்ணம். நான் பனியில் நனைந்த மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே என் கிண்ணத்தை உதட்டில் வைத்து எடுத்தேன். நரேஷ் லப்பேத் தட்டுக்குக் குனிந்தபோது அதைப் பின்னால் இருந்த குரோட்டன் செடித் தொட்டியில் ஊற்றினேன். இரண்டு முறை. ஏன் என்று கேட்டால் அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை என்பேன். பல மாதம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

நரேஷ் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான். திறந்த பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அருணாசலம் கிளம்பும்போது அதைக் கார்க் அடைத்து அவர் பையில் வைத்தேன். ஜலதோஷத்துக்கு நல்லது, சாயந்திரம் ரெண்டு மடக்கு போடு என்றேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கோடவுனில் ஒரு பிடி உளுந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இன்னும் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். கதவு திறந்துதான் இருந்தது. கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள். வேலம்மா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இவுரு எல்லாம் வெள்ளையாத் தெரியுதுங்குறாரு. வாந்தி வேற. எனக்குப் பயமாருக்கு. நீங்க நாலு ஊரு பாத்தவுங்க, வாங்கண்ணே."

உடனே கிளம்பினேன். கிளம்புமுன் ஒரே ஒரு போன் செய்தேன், நரேஷுக்கு. அந்தப் பாட்டிலைத் திறக்காதே, மறுபடி ருசி பார்த்தேன், என் தரத்துக்கு வரவில்லை, கொட்டிவிடு என்றேன். எவ்வளவு கறாரா இருக்கீங்க அங்கிள் என்று அவன் வியந்துபோனான். பிறகு வாடகைக் கார் பிடித்து, அருணாசலத்தை நானே தாங்கிப் பிடித்து, பாலம் தாண்டி யாங்கோனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வழியில் அவர் என் கையை விடவில்லை. "அண்ணே, கண்ணு வந்துருமில்ல? சீசன் நேரம்ணே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வந்துரும் என்றேன்.

பெண் டாக்டர், இங்கே சயாமா என்று கூப்பிடுவோம். சின்ன வயது. பர்மிய மொழியில் கேட்டார், நேற்று என்ன சாப்பிட்டார், மது ஏதாவது குடித்தாரா, எந்த மாதிரி. அருணாசலம் அதற்குள் நினைவு தடுமாறிப் படுத்திருந்தார். பதில் சொல்ல இருந்தது நான்தான்.

"வெளிநாட்டுச் சரக்கு, சயாமா. சீல் உடைக்காத பாட்டில். நானும்தான் கூடக் குடிச்சேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நன்றாக நின்றுகொண்டிருந்தேன். எனவே மதுவை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேட ஆரம்பித்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூளையில் அடைப்பு. படம் எடுக்கக் கரண்ட் வரும்வரை காத்திருந்தோம். ஒன்றேகால் நாள் போனது. அந்த நேரம் முழுக்க நான் வராந்தாவில் வேலம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சாப்பிடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வயதான டாக்டர் ஒருவர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். கெட்ட சாராயம், விஷம் என்றார். உயிருக்கு இனிப் பயமில்லை, கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. நேற்றைக்கு வந்தவுடனே தெரிந்திருந்தால் மாற்று மருந்து கொடுத்திருக்கலாம், பார்வை தப்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லி என்ன, கண்தான் போய்விட்டதே என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரத்தில் என் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை.

சொன்னது வேறு. கோடவுன் பக்கத்தில் மட்டச் சரக்கு விற்கிறார்கள், திங்கட்கிழமை காலையில் அங்கே ஏதாவது போட்டிருப்பார் என்றேன். வேலம்மா என்னைப் பார்த்தாள், பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அவரைப் பார்த்தாள். மறுநாள் அவருக்குத் தெளிந்ததும் கேட்டாள்.

"எங்க அம்மா மேல சத்தியமா நான் வேற எதுவும் குடிக்கல வேலு. அண்ணன் கொடுத்தது மட்டுந்தான்."

"அண்ணன் கொடுத்ததுன்னா கூடக் குடிச்ச அண்ணனுக்கும்ல ஆகியிருக்கணும்? எதுக்குப் பொய் சொல்றீங்க?"

அவர் எங்கள் குரல் வந்த திசையில் மாறி மாறி முகத்தைத் திருப்பினார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வேலம்மாவைத் தனியே அழைத்து, குடிக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஆறுதல் சொன்னேன். முப்பது வருடம் அவர் சொல்லை நம்பிக் கப்பல் போயிருக்கிறது. வீட்டில் அவர் சொல் அன்றோடு நின்றது.

சந்தைக்காரர்கள் பழக்கூடையோடு வந்து பார்த்தார்கள். அடுத்த வாரமே வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள், சீசன் காத்திருக்காது. இப்போது வேலம்மா காலையில் இட்லி விற்கிறாள். அருணாசலம் வாசலில் உட்கார்ந்து உளுந்தை முறத்தில் போட்டு விரலால் கல் பொறுக்குகிறார். அவருக்குத் தெரியாமல் வேலம்மா அதை மறுபடி பார்த்துக்கொள்கிறாள். நான் தினமும் நாலு மணிக்குப் போவேன். லப்பே வாங்கிக்கொண்டு போவேன், கையைப் பிடித்துத் தெருவில் நடத்திக் கூட்டிவருவேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகிதமா என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நரேஷின் உணவகத்தில் அட்டை வந்துவிட்டது. படத்தில் கொஞ்சம் குண்டாகத் தெரிகிறேன். நான் காய்ச்சுவதை விட்டுவிட்டேன். கடையில் வாங்கிய சாதாரண பாட்டிலைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோகிறேன். போன மாதம் ஒரு ரஷ்யர் கண்ணில் நீர் வரக் குடித்துவிட்டு, தன் தாத்தா காய்ச்சியதைப் போலவே இருக்கிறது என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் அந்த மழைக்காலத்தில் மூக்கு போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்தது. நடந்துகொண்டிருக்கும்போது அருணாசலம் நின்றுவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கமாட்டீங்களே?"

"கேளு."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க சரக்குதானோன்னு எனக்குத் தோணிருச்சுண்ணே. அப்பறம் யோசிச்சேன், நீங்களும்தானே கூடக் குடிச்சீங்க. சொல்லப்போனா என் மொகத்தைப் பாத்துக்கிட்டே குடிச்சீங்க. அப்படி நெனைச்சது எம்புட்டுப் பாவம். மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. என்னை மன்னிச்சிருங்கண்ணே."

நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "மனுசன்னா சந்தேகம் வரும்யா. நான் ஒண்ணும் நெனைக்கல, விடு" என்றேன். மன்னித்துவிட்டேன். அவருக்கு மனசு லேசானது, வீடுவரை பேசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என்னிடமும் ஒரு மனசு இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சக்கை அழுகியது தெரியும், சாந்தகுமாரி சொன்னாள். அவருக்கு மூக்கடைப்பு என்பது ஊற்றுமுன்பே தெரியும், அவரே சொன்னார். பாட்டிலில் இருப்பது விஷமாக இருக்கலாம் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் என்னுடையதைச் செடிக்கு ஊற்றியது. திங்கட்கிழமை காலை நன்றாகவே தெரியும், நரேஷைக் கேட்டால் சொல்வான். அருணாசலத்தின் இரண்டு கண்ணையும், அவர் மனைவியிடம் அவருக்கு இருந்த மரியாதையையும் போக்கியது செல்லையாவாகிய நான்தான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த புத்தியோடு இதை ஒப்புக்கொள்கிறேன்.

பர்மிய மொழியில் எழுதியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதான். ஆனால் பர்மிய மொழி என்றால் காவல் நிலையம், சாந்தகுமாரி, பிள்ளைகள் என்று யார் யாரோ படிப்பார்கள், சட்டம் பேசுவார்கள். பாவத்தை யாருக்குச் செய்தோமோ அவரிடம் சொல்வதுதான் முறை. எங்கள் பக்கத்தில் தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் அருணாசலம் ஒருவர்தான். ஐம்பது வயதுக்குமேல் எனக்கு அ, ஆ எழுதப் பழக்கியவரும் அவர்தான். அதனால் தமிழிலேயே, ஒன்றுவிடாமல், எழுத்துப்பிழை பார்த்து எழுதியிருக்கிறேன். நாளைக் காலையில் இதை அவர் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். அவர் நிதானமாகப் படித்துப் பார்த்து என்ன தண்டனை சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.